பேட்டரி இடுப்பிலா, கையிலா: முக்குளிப்பு விளக்கைத் தேர்ந்தெடுக்கும் முன்

ஸ்கூபா முக்குளிப்பில் ஓரளவு பழகியவர்கள் தங்களுக்கென்று ஒரு நல்ல விளக்கு வாங்க முற்படும்போது, கேபிள் உள்ளதை வாங்குவதா, இல்லாததை வாங்குவதா என்ற கேள்வியில்தான் முதலில் நிற்கிறார்கள். கேபிள் உள்ள விளக்கைக் கேனிஸ்டர் விளக்கு என்பது வழக்கம். அதில் பேட்டரி ஓர் உருளைக் குப்பிக்குள் அடைபட்டு, இடுப்பு வாரில் வலப்பக்கம் கட்டப்பட்டிருக்கும். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளக் கேபிள் கிளம்பி, இடது கையில் இருக்கும் சிறிய விளக்குத் தலைக்கு வந்து சேரும். கைவிளக்கில் பேட்டரி, சுவிட்ச், எல்இடி எல்லாம் ஒரே உடலுக்குள் அடங்கிவிடும். ஆக, இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு பேட்டரி எங்கே இருக்கிறது என்பது மட்டுமே. எவ்வளவு நேரம் எரியும், கை எவ்வளவு சுமக்கும், எது எதில் சிக்கும், எந்த வழியாக நீர் புகும் என்ற மற்ற எல்லாக் கேள்விகளும் அந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

கேபிள் ஏன் வந்தது என்பதை அறிந்தால், அது இன்று தேவையா என்று முடிவு செய்வது எளிதாகும். குகைகளில் முக்குளித்தவர்கள் ஹாலஜன் பல்புகளை நம்பியிருந்த காலத்தில், 50 வாட் பல்பு ஒன்றை ஒரு மணி நேரத்துக்கு மேல் எரிய வைக்க ஈய-அமிலப் பேட்டரியைத்தான் சுமக்க வேண்டியிருந்தது. ஈய-அமிலப் பேட்டரி ஒரு கிலோவுக்கு 30 முதல் 40 வாட்-மணி ஆற்றலே தரும். 100 வாட்-மணிக்கு மூன்று கிலோ என்று கணக்கு வைத்துக்கொண்டால், அதைக் கையில் தூக்கிக்கொண்டு நீந்துவது நடக்கிற காரியமல்ல. எனவே எடை இடுப்புக்கு இறங்கியது, கேபிள் பிறந்தது. அதன் பிறகு வந்த, வாயுவுக்குள் மின்வில் எழுப்பி ஒளிரும் எச்ஐடி விளக்குகள் அதே மின்சாரத்துக்குப் பல மடங்கு ஒளி தந்தன. ஆனாலும் அந்தப் பல்புகள் எளிதில் உடையக்கூடியவை, முழு ஒளிக்கு வரச் சில விநாடிகள் எடுத்துக்கொள்பவை, அடிக்கடி அணைத்து ஏற்றுவதைத் தாங்காதவை. நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியும் இடுப்பிலேயேதான் இருந்தது.

எல்இடியும் லித்தியம்-அயான் செல்லும் சேர்ந்து வந்தபோது இந்தக் கணக்கு அடியோடு மாறியது. நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லூமெனுக்கு மேல் தருகிறது. ஹாலஜன் 20 லூமென் அளவில் தடுமாறிக்கொண்டிருந்தது. லித்தியம்-அயான் செல் ஒரு கிலோவுக்கு 200 வாட்-மணியைத் தாண்டுகிறது. முன்பு மூன்று கிலோ தேவைப்பட்ட ஆற்றல் இப்போது அரைக் கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. தேவைப்படும் ஆற்றலும் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. கேபிளுக்குக் காரணமாக இருந்த எடை பெரும்பாலும் போய்விட்டது என்பதை முதலில் மனத்தில் நிறுத்த வேண்டும். தேர்ந்த முக்குளிப்பாளர் கேனிஸ்டர்தான் வைத்திருப்பார் என்ற எண்ணம் இன்னும் நிலவுகிறது. அந்த எண்ணம் அக்காலத்தின் எச்சம் என்றே நான் கருதுகிறேன். அதற்காகக் கேனிஸ்டருக்கு இன்று வேலையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அதன் வேலை சுருங்கியிருக்கிறது. சுருங்கிய அந்த இடத்தில் அதற்கு மாற்றாக வேறொன்றைச் சொல்ல முடிவதில்லை.

எரியும் நேரத்தைப் பெட்டியில் அச்சடித்த எண்ணை வைத்து எடைபோடாமல், நாமே கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. பெரும்பாலான விளக்குகளில் 18650 அல்லது 21700 செல்கள் இருக்கும். இந்த எண்கள் செல்லின் அளவைச் சொல்கின்றன: முன்னது 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உடையது, பின்னது 21 மி.மீ. விட்டமும் 70 மி.மீ. நீளமும் உடையது. 3.5 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஒரு 18650 செல்லை அதன் 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட்-மணி வரும். 5 ஆம்பியர்-மணி கொண்ட ஒரு 21700 செல் 18 வாட்-மணி தரும். ஒற்றை 21700 செல் கொண்ட கைவிளக்கு 10 வாட் இழுத்தால் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் எரிய வேண்டும். அதையே 20 வாட்டில் ஓட்டினால் ஒரு மணி நேரம்கூட வராது. ஆறு 18650 செல்களை உள்ளடக்கிய கேனிஸ்டரில் 75 வாட்-மணிக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். அது அதே 20 வாட் தலையை மூன்றே முக்கால் மணி நேரம் தாங்கும். நீர் குளிர்ந்திருந்தால் செல்லின் கொள்ளளவு குறையும். செல் பழையதானால் இன்னும் குறையும். இந்தக் கணக்கில் கால் பங்கையாவது கழித்துக்கொண்டு திட்டமிடுவதே என் பழக்கம்.

பெட்டியில் அச்சாகும் எரியும் நேரம் பற்றி ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். டார்ச் விளக்குகளுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 அளவுமுறையின்படி, ஒளி தொடக்க அளவில் பத்து விழுக்காடாகத் தேயும் வரை உள்ள நேரம் முழுவதும் எரியும் நேரமாகவே எண்ணப்படும். 2,000 லூமென், 3 மணி நேரம் என்று ஒரு கைவிளக்கின் பெட்டியில் இருந்தால், மூன்றாம் மணி நேரத்தின் முடிவில் 200 லூமென்தான் மிஞ்சியிருக்கும் என்பதற்கும் இடமுண்டு. சிறிய உடலுக்குள் வெப்பம் தேங்குவதாலும், ஒற்றைச் செல்லின் வோல்ட்டேஜ் இறங்குவதாலும், கைவிளக்குகள் பல தாமாகவே படிப்படியாக ஒளியைக் குறைத்துக்கொள்கின்றன. நல்ல கேனிஸ்டர் விளக்குகளில் ஒளி பெரும்பாலும் கடைசி வரை ஒரே அளவில் நின்று, பிறகுதான் எச்சரிக்கையுடன் இறங்கும். வாங்கும் முன் நேரத்துக்கு எதிராக ஒளியைக் காட்டும் வரைபடத்தைக் கேட்டுப் பெறுவது இதனால்தான் முக்கியமாகிறது. அந்த வரைபடம் தராத விளக்கை நான் முதன்மை விளக்காக ஏற்பதில்லை.

வெளிச்சத்தின் தன்மையைப் பொறுத்தவரை இரு வகைக்கும் இடையே இன்று பெரிய வேறுபாடு கிடையாது. இரண்டிலும் ஒரே எல்இடிகள்தான் இருக்கின்றன. ஆனால் எந்த வகையை வாங்கினாலும் ஒளிக்கற்றையின் அகலத்தைப் பார்க்காமல் லூமெனை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். லூமென் என்பது விளக்கு வெளிவிடும் மொத்த ஒளி. அந்த ஒளி எட்டு டிகிரி கூம்புக்குள் குவிந்தால் தொலைவிலுள்ள பாறை இடுக்குவரை போய்த் தொடும். 120 டிகிரிக்குப் பரவினால் அருகிலுள்ள பவளத்தின் மீது மெல்லிய போர்வைபோலப் படரும். கலங்கிய நீரில் பரந்த ஒளி பயன்படாது. பனிமூட்டத்தில் ஹைபீம் போட்ட வண்டி ஓட்டுநருக்கு எதிரே வெள்ளைச் சுவர் எழும்புவதுபோல, நீரில் மிதக்கும் துகள்கள் எல்லாம் பளிச்சிட்டு முன்னால் உள்ளதை மறைத்துவிடும். குறுகிய கற்றை அப்படியல்ல. அது நீருக்குள் ஒரு கோல்போலத் தெரியும், அதன் நுனியைக் கூட்டாளி தன் கண்ணோரத்தில் கண்டுகொள்வார்.

முக்குளிப்பில் விளக்கு பார்ப்பதற்கு மட்டுமன்று, பேசுவதற்கும் உரியது. இருளில் ஒளிவட்டத்தை மெதுவாகச் சுழற்றினால் எல்லாம் நலம் என்று பொருள். பக்கவாட்டில் மெதுவாக அசைத்தால் கவனிக்கச் சொல்வதாகப் பொருள். வேகவேகமாக அசைத்தால் ஆபத்து. முன்னே செல்பவர் பின்னால் திரும்பிப் பார்க்காமலேயே, பக்கத்தில் ஊர்ந்து வரும் கூட்டாளியின் ஒளிப்புள்ளி அமைதியாக இருக்கிறதா என்று பார்த்து அவர் நிலையை அறிகிறார். இந்தப் பேச்சு கற்றை குறுகியதாகவும், விளக்கு ஓயாமல் ஒரே கையில் ஒரே திசையை நோக்கியும் இருந்தால்தான் ஒழுங்காக நடக்கும்.

குட்மேன் கைப்பிடி என்ற சிறு பொருள் இங்கேதான் பெருமதிப்புப் பெறுகிறது. புறங்கையின் மேல் ஒரு தகடும், உள்ளங்கைக்குள் ஒரு பிடியுமாக அமைந்த இந்தக் கைப்பிடியில் விளக்குத் தலையைப் பொருத்தினால், விரல்கள் விடுதலை பெறும். கை எங்கே நீள்கிறதோ ஒளியும் அங்கே போகும். கயிறு சுற்றிய ரீலைச் சுற்றலாம், வால்வைத் திருப்பலாம், பலகையில் எழுதலாம். கைவிளக்கைக் கைப்பிடியில்லாமல் முஷ்டியில் பிடித்துக்கொண்டு இரவு முக்குளிப்பின் முடிவில், நாம் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் மிதவைக் குழாயை மேலே அனுப்ப முயன்றவர்களுக்கு இந்த வேறுபாடு விளங்கும். ஒரு கையில் ரீல், மறு கையில் மிதவை, ஊதுவதற்கு வாயிலுள்ள மூச்சுக்கருவியான ரெகுலேட்டர் என்று இருக்கும்போது விளக்கு மணிக்கட்டுக் கயிற்றில் தொங்கி, தன் போக்கில் சுழன்று, கூட்டாளியின் கண்களில் மாறி மாறி அடித்துக்கொண்டிருக்கும். வேகவேகமாக அசையும் ஒளிக்கு ஆபத்து என்று பொருள் இருப்பதால், அவர் பதறிப்போய் அருகில் நீந்தி வருவார். நான் அப்படி ஒருவரைப் பதறவைத்திருக்கிறேன்.

பலர் இந்த வசதியைக் கேனிஸ்டரின் சிறப்பு என்று நினைத்துக் கேனிஸ்டர் வாங்குகிறார்கள். அது கைப்பிடியின் சிறப்பே தவிர கேபிளின் சிறப்பு அன்று. கைவிளக்குகளுக்கும் உலோகத்திலும் மென்மையான துணியிலும் இதே கைப்பிடிகள் கிடைக்கின்றன. வேறுபாடு எடையில்தான் இருக்கிறது. கேனிஸ்டரின் விளக்குத் தலை குட்டையானது, கைமீது இருப்பதே தெரியாது. அதே ஒளியைத் தரும் கைவிளக்குக்குப் பின்னால் பேட்டரிக் குழாய் நீண்டிருக்கும். எடை மணிக்கட்டை நோக்கி இழுக்கும், சில சமயம் குழாயின் வால் முன்கையிலுள்ள டைவ் கணினியில் இடிக்கும். முக்கால் மணி நேரத்துக்கு அது பொருட்டல்ல. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, குளிரில் விறைத்த தடித்த கையுறைக்குள், அது ஒரு பொருட்டாகிவிடுகிறது. ஒற்றைச் செல் கைவிளக்கு என்றால் இந்தக் குறை பெரும்பாலும் எழாது. மூன்று நான்கு செல் கொண்ட பெரிய கைவிளக்கை வாங்க நினைப்பவர்கள் அதைக் கைப்பிடியோடு ஒரு முறையாவது நீரில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும்.

கேபிளின் குறை என்னவென்று கேட்டால், அது எதிலாவது சிக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்வது உண்மையே. ஆனால் மூழ்கிய கப்பலின் துருப்பிடித்த கம்பியில் சிக்குவதைவிட, நம் உடலில் உள்ள மற்ற உபகரணங்களோடு அது சிக்கிக்கொள்வதே எனக்குப் பெரிய கவலை. ஆழமும் நேரமும் கூடிய தொழில்நுட்ப முக்குளிப்பில், ரெகுலேட்டருக்குக் காற்று கொண்டுவரும் 2.1 மீட்டர் நீள ஹோஸ் (குழாய்), வலப்பக்க இடுப்பிலுள்ள கேனிஸ்டரின் அடியில் செருகப்பட்டு, மார்பின் குறுக்கே இடது தோளுக்கு ஏறி, கழுத்தின் பின்புறம் சுற்றி வாய்க்கு வரும். கூட்டாளிக்குக் காற்று தீர்ந்துவிட்டால் வாயிலிருக்கும் ரெகுலேட்டரை அப்படியே எடுத்து அவருக்கு நீட்ட வேண்டும். கேபிள் ஹோஸுக்கு அடியில் கிடந்தால் ஹோஸ் தடையின்றிக் கழன்று வரும்; மேலே கிடந்தால் மாட்டிக்கொள்ளும்.

ஆழமற்ற நீரில் நடந்த ஒரு பயிற்சியில் இதை நான் என் கையாலேயே செய்து பார்த்தேன். சற்று முன்பு இடது கையில் வேலை இருந்ததால் விளக்கை வலது தோள் வாரிலுள்ள டி-ரிங் என்ற உலோக வளையத்தில் மாட்டி வைத்திருந்தேன். திரும்ப எடுத்துக் கையில் போட்டுக்கொண்டபோது கேபிள் எந்தப் பக்கமாக வருகிறது என்று பார்க்கவில்லை. கூட்டாளி காற்று இல்லை என்று கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினார், ரெகுலேட்டரை நீட்டினேன். அது என் தாடைக்கு முன்னால் ஒரு சாண் தூரம் போய் நின்றுவிட்டது. இழுத்தேன்; என் இடது கை மார்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஹோஸ் கேபிளை இழுக்க, கேபிள் கையை இழுக்க, அவர் கண்ணாடிக்குள் கண்கள் அகலமாவதைப் பார்த்தேன். கைப்பிடியிலிருந்து கையை உருவிய பிறகே ஹோஸ் விடுபட்டது. மொத்தம் நான்கைந்து விநாடிகள் இருக்கும். பயிற்சி என்பதால் அவர் தன் மாற்று ரெகுலேட்டருக்குப் போய்விட்டார். உண்மையான நெருக்கடியாக இருந்திருந்தால் அந்த நான்கைந்து விநாடிகளுக்கு நான் பதில் சொல்லியிருக்க முடியாது. அதன் பிறகு, விளக்கைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் ஹோஸைக் கட்டைவிரலால் முன்னோக்கித் தள்ளிப் பார்ப்பது எனக்கு அனிச்சைச் செயலாகிவிட்டது. இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள நேரம் ஒதுக்க முடியாதவர்கள் கேனிஸ்டர் வாங்காமல் இருப்பதே அவர்களுக்கும் கூட்டாளிக்கும் நல்லது.

உபகரண அமைப்பும் இதில் ஒரு சொல் சொல்கிறது. முதுகில் பின்தகடும் அதைக் கட்டும் வார்களான ஹார்னஸும் அணிபவருக்கு இடுப்பு வாரில் கேனிஸ்டருக்கு இயல்பான இடம் உண்டு. அது நீரில் அரைக் கிலோவோ அதற்கு மேலோ அழுத்துவதால், அந்த அளவுக்கு ஈயக் குண்டைக் குறைத்துக்கொள்ளலாம். பாக்கெட்டுகள் வைத்த சாதாரண மேலங்கி வகை பிசிடி (மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுப்பை) அணிபவருக்கு அத்தகைய இடமே இல்லை. வேறெங்கோ கட்டினால் உடல் ஒருக்களிக்கும், கேபிளும் தளர்ந்து தொங்கும். பக்கவாட்டில் சிலிண்டர் மாட்டும் சைடுமவுண்ட் அமைப்பில் இடுப்பின் இருபுறமும் ஏற்கெனவே நெரிசல் என்பதால் பேட்டரியைப் பின்புறம் கொண்டுபோக வேண்டியிருக்கும். அவர்களில் பலர் கைவிளக்குக்கே மாறியிருப்பது வியப்பல்ல. நீருக்குள்ளேயே உபகரணங்களைக் கழற்றிப் படகில் ஏற்ற வேண்டிய இடங்களில், கையில் விளக்கும் இடுப்பில் பேட்டரியுமாக இணைந்திருப்பது ஒரு கூடுதல் தொல்லை. எதை முதலில் கழற்றுவது என்று அலையில் ஆடிக்கொண்டே யோசிக்க வேண்டும்.

நீர் புகுவதைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். விளக்குகள் பழுதாவதில் இதற்குத்தான் பெரும் பங்கு இருக்கிறது. கேனிஸ்டரில் குப்பியின் மூடி, கேபிள் குப்பிக்குள் நுழையும் இடம், கேபிள் விளக்குத் தலைக்குள் நுழையும் இடம், சுவிட்ச் என நீர் நுழையக்கூடிய வாய்கள் அதிகம். கேபிள் மடங்கி மடங்கி, நுழையும் இடத்தில் உறை விரிசல் விடுவதும் உண்டு. கைவிளக்கில் வாய்கள் குறைவு. ஆனால் எத்தனை வாய்கள் என்பதைவிட, அவற்றை எத்தனை முறை திறக்கிறோம் என்பதே அதிகம் பொருட்படுத்த வேண்டியது. கேனிஸ்டரின் ஒரு சார்ஜ் ஒரு நாளின் எல்லா முக்குளிப்புகளுக்கும் போதும். வெளியிலிருந்தே சார்ஜ் செய்யும் வகையென்றால் மாதக்கணக்கில் திறக்காமலேயே விடலாம். கைவிளக்கில் பெரும்பாலும் இரண்டு முக்குளிப்புக்கு ஒரு முறையாவது செல்லை மாற்ற வேண்டும். அது படகில், ஈரக் கையோடு, தலையிலிருந்து உப்புநீர் சொட்டச் சொட்ட நடக்கும்.

அப்படி ஒரு மாற்றத்தின்போதுதான் என் கைவிளக்கு ஒன்று போனது. மூடியைத் திருகி மூடும்போது எந்த வேறுபாடும் தெரியவில்லை. இறங்கிய மூன்றாம் நிமிடத்தில் ஒளி மஞ்சளாகி, துடித்து, அணைந்தது. மேலே வந்து திறந்து பார்த்தபோது, நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் மேல் ஒரே ஒரு தலைமுடி, சிலிக்கான் கிரீஸில் அழகாகப் படிந்து, வளையத்தின் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் வரை பாலம் போட்டிருந்தது. ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தம் ஓ-ரிங்கைப் பள்ளத்தில் இறுக்கி அமர்த்தும் என்பதால், கசிவு பெரும்பாலும் முதல் சில மீட்டர்களிலேயே தொடங்கிவிடுகிறது. இன்று நான் செல்லை மாற்றும்போது என் தலைமுடியைத் துடைத்து, ஓ-ரிங்கைக் கழற்றி, ஈரமற்ற இரு விரல்களுக்கு இடையே முழுச் சுற்றும் உருட்டிப் பார்க்கிறேன். மண் துகள் ஒன்று இருந்தாலும் விரல் சொல்லிவிடும். பிறகு பயறு அளவுகூட இல்லாத கிரீஸ், பளபளப்பு வரும் வரை மட்டும். அதற்கு மேல் தடவினால் அதுவே தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கடல்நீர் புகுந்த லித்தியம்-அயான் விளக்கைத் திறப்பதில் எச்சரிக்கை தேவை. உப்புநீரில் மின்சாரம் பாய்வதால் ஹைட்ரஜன் உள்ளிட்ட வாயுக்கள் உருவாகி உள்ளே அழுத்தம் ஏறியிருக்கலாம். மூடி கடைசித் திருகில் தோட்டாபோலத் தெறித்து விழக்கூடும். முகத்தையும் பிறரையும் விட்டு விலக்கிப் பிடித்து, திறந்த வெளியில், மெல்லமெல்லத் திருகி வாயுவை வெளியேற்ற வேண்டும். கேனிஸ்டரில் செல்கள் அதிகம் என்பதால் ஆபத்தும் அதிகம். அழுத்தத்தைத் தானே வெளியேற்றும் வால்வு உள்ள குப்பியா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளலாம்.

தொலைந்துபோவது கைவிளக்குக்கே உரிய விதி. மணிக்கட்டுக் கயிறு இல்லாமல், கைப்பிடி இல்லாமல், ஒரு கைவிளக்கைப் பவளச் சரிவில் நழுவவிட்டால் அது எரிந்துகொண்டே ஆழத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கேனிஸ்டரின் தலை கை நழுவினாலும் கேபிளின் நீளத்துக்கு மேல் போகாது. கேபிளைப் பிடித்து இழுத்தால் கைக்கு வந்துவிடும். குகைக்குள் இந்த ஒரு பண்பு மனத்துக்குத் தரும் தெம்பு சிறியதல்ல.

விமானப் பயணம் செய்வோருக்கு இன்னொரு கணக்கு. பயணிகள் விமானங்களில் 100 வாட்-மணி வரையிலான லித்தியம்-அயான் பேட்டரியை முன் அனுமதியின்றிக் கொண்டுசெல்ல முடியும்; 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும்; 160-ஐத் தாண்டினால் பயணியாக அதைக் கொண்டுபோக முடியாது. உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், முனைகள் ஒன்றோடொன்று தொடாதபடி மூடப்பட்டிருக்க வேண்டும். 3.5 ஆம்பியர்-மணி செல்கள் எட்டைக் கோத்தால் 100.8 வாட்-மணி வந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள், வெறும் 0.8 வாட்-மணிக்காகப் பாதுகாப்புச் சோதனையில் விவாதிக்க நேரிடும். கம்பியும் உருளையுமாக எக்ஸ்ரே திரையில் தெரியும் கேனிஸ்டரைப் பற்றி விளக்கம் கேட்கப்படுவதும் இயல்பே. கைவிளக்கு எளிதாகக் கடந்து போகும். எதுவானாலும், பையிலிருக்கும்போது தற்செயலாக எரிந்துவிடாதபடி பேட்டரியைப் பிரித்து வைப்பது கட்டாயம். நீரின் குளிர்ச்சி இல்லாமல் எரியும் சக்திமிக்க எல்இடி தலை தொட முடியாத அளவுக்குச் சூடேறிவிடும்.

கேனிஸ்டருக்கு மட்டுமே உரிய பயன் ஒன்றும் உண்டு. மிகக் குளிர்ந்த நீரில், நீர் உள்ளே புகாத உலர் உடைக்குள் மின்சூடேற்றும் உள்ளாடை அணிபவர்கள், அதற்கென அமைந்த பெரிய குப்பியிலிருந்தே அதற்கும் மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுக்கும்போது விளக்கின் நேரம் கரைவதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வீடியோ விளக்குகள் வேறு ஒரு துறை. கேமராச் சட்டத்தில் பொருத்துவதற்குக் கேபிள் இல்லாதவையே வசதி என்பதைத் தவிர இங்கே அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

இனி, யாருக்கு எது? பகலில் பவளப் பாறைகளின் இடுக்குகளைப் பார்க்கவும், இழந்த சிவப்பு நிறத்தைச் சில மீட்டர் ஆழத்திலிருந்தே மீட்டெடுக்கவும், மாதத்தில் ஓரிரு இரவு முக்குளிப்புக்கும் விளக்கு தேடுபவர்களுக்குக் கைப்பிடியோடு கூடிய ஒற்றைச் செல் கைவிளக்கே போதும். 1,000 லூமென் அளவில் குறுகிய கற்றை உள்ளதாக இருந்தால் வேறெதையும் தேட வேண்டாம். மூழ்கிய கப்பல்களின் வெளிப்புறத்தைச் சுற்றிப் பார்ப்பவர்களுக்கும் இதே விடைதான். ஒரு மணி நேரத்துக்குக் குறைவான முக்குளிப்புகளை ஒரு நாளில் மூன்று நான்கு முறை செய்யும் பயிற்றுநர்கள் நடுவில் நிற்கிறார்கள். படகில் செல் மாற்றும் தொல்லையையும் ஓ-ரிங் கவலையையும் தவிர்க்க விரும்பினால் கேனிஸ்டர் அவர்களுக்குப் பொருந்தும். மாணவர்களைத் தொட்டுப் பிடித்துத் திருத்த வேண்டிய வேலையில் கேபிள் ஓர் இடையூறு என்றும் அவர்கள் சொல்வார்கள். அது மதிக்க வேண்டிய மறுப்பு.

குகையிலும் கப்பலின் உட்புறத்திலும், நேராக மேலேற முடியாத வேறு எந்த இடத்திலும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளும் முக்குளிப்புக்கு நான் தயங்காமல் கேனிஸ்டரையே சொல்வேன். அங்கே ஒளி நடுவில் மங்கக் கூடாது, கையிலிருந்து நழுவக் கூடாது, சைகை ஒரு கணமும் குழம்பக் கூடாது. மீண்டும் மீண்டும் நிறுத்தங்களோடு மேலேறும் நீண்ட ஆழ முக்குளிப்புகளும் இதில் அடங்கும். ஆயினும் அத்தகைய இடங்களில்கூடக் கைவிளக்குக்கு விடுதலை இல்லை. குகை முக்குளிப்பின் நெறி ஒவ்வொருவரும் மூன்று விளக்குகள் கொண்டுசெல்ல வேண்டும் என்கிறது. ஒன்று முதன்மை, இரண்டு துணை, மூன்றுமே அந்த முக்குளிப்பின் முழு நேரத்துக்கும் எரியக்கூடியவை. முதன்மை விளக்கு அணைந்தால் துணை விளக்கை ஏற்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தபடி தொடரக் கூடாது. அந்தக் கணமே முழுக் குழுவும் திரும்பி, வழிக்கயிற்றைப் பற்றி வெளியேற வேண்டும். திறந்த கடலின் இரவு முக்குளிப்புக்குக் குறைந்தது இரண்டு விளக்குகள் என்பது அதன் எளிய வடிவம்.

இதிலிருந்து வாங்கும் வரிசையும் தெளிவாகிறது. முதல் நாளே பெருந்தொகையைக் கேனிஸ்டரில் கொட்டிவிட்டுத் துணை விளக்குகளுக்கு மலிவானதைத் தேடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. முதன்மை விளக்கு கைவிட்ட பிறகு நம்மை வெளியே கொண்டுவருவது அந்த மலிவான விளக்குதான். முதலில் ஒரே வகைச் செல்லைப் பயன்படுத்தும் நல்ல கைவிளக்குகள் இரண்டு வாங்குங்கள். முடிந்தவரை சிக்கலான மின்சுற்றும் பல நிலைகளும் இல்லாமல், தலையைத் திருகினால் எரியும் எளிய வகையாக இருக்கட்டும். ஒன்றைக் கைப்பிடியில் பொருத்தி முதன்மையாகவும், மற்றதைத் துணையாகவும் வைத்து ஐம்பது முக்குளிப்புகளாவது செய்யுங்கள். அதற்குள் உங்கள் முக்குளிப்பு எந்தத் திசையில் போகிறது என்பது தெரிந்துவிடும். பலருக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. தேவைப்பட்டுக் கேனிஸ்டர் வாங்குபவர்களுக்கு அந்த இரண்டும் வீணாகப் போவதில்லை. சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையங்களால் ஹார்னஸின் இரு தோள் வார்களிலும் ஒட்டிக்கட்டி, டி-ரிங்கிலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டால், கண்ணை மூடிக்கொண்டு கை போகும் இடத்தில் அவை இருக்கும். இறங்கும் முன் மூன்றையும் ஒரு முறை எரியவிட்டுப் பார்த்து, கேபிள் ஹோஸுக்கு அடியில் கிடக்கிறதா என்று விரலால் தடவி உறுதிசெய்துகொள்ளுங்கள்.